மருத்துவர் தொலைவில், மருந்து நம் கையில்



"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். நல்ல சரக்கை வாங்கிச் சமைத்து உண்டால் வைத்தியர் வீட்டுப் படி ஏற வேண்டியதில்லை என்பது அதன் பொருள். இப்போது காலம் ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது. வைத்தியர் எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து கைபேசியில் நோயாளியைப் பார்க்கிறார். அவர் சொல்லும் மருந்தை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு நம் கடை மேசைக்கு வந்துவிட்டது. மளிகையோடு நாட்டு மருந்தும் வைத்திருக்கும் நம்மில் பலருக்கு இது புது வியாபாரம். புதுப் பொறுப்பும்கூட. அந்தப் பொறுப்பின் கனத்தை நான் அறிந்துகொண்டது ஒரு தவறின் மூலமாகத்தான். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் கடையில் நடந்தது

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். வெளியூரில் வேலை பார்க்கும் மகன், தகப்பனாருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, ஒரு சித்த மருத்துவரைக் கைபேசி வழியாகப் பார்க்க ஏற்பாடு செய்திருந்தார். மருத்துவர் நல்லவர், படித்தவர். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். நிலவேம்புக் குடிநீர் சொன்னார். சீட்டை மகனுடைய கைபேசிக்கு அனுப்பிவிட்டார். பெரியவருக்கோ காதில் விழுந்ததுதான் சீட்டு. ஒயர் கூடையோடு கடைக்கு வந்து, "அந்த நில... கசப்புப் பொடி குடுப்பா" என்றார். நான் அப்போது கொள்முதல் லாரியில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். கடைப் பையன், 'நில' என்று தொடங்கும் பெயரில் எங்கள் கடையில் அதிகம் போகும் சரக்கான நிலவாகைப் பொடியை எடுத்துக் கொடுத்துவிட்டான்.

நிலவாகை மலமிளக்கி என்பது நம்மில் பலருக்குத் தெரியும். காய்ச்சலில் சோறு இறங்காமல் கிடந்த மனிதருக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் காலை அவருடைய மருமகள் பொட்டலத்தோடு வந்து, "அண்ணாச்சி, இது என்ன மருந்துன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. உடனே மருத்துவரைக் கைபேசியில் அழைத்துப் பொட்டலத்தைக் காட்டினோம். மருந்தை நிறுத்தி, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். குளுக்கோஸ் ஏற்றிப் பெரியவர் எழுந்து நடமாட ஒரு வாரம் ஆயிற்று.

நான் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் வாங்கவில்லை. "நான்தான் பேரைச் சரியாச் சொல்லல அண்ணாச்சி" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

அன்று இரவு கணக்கு முடித்துவிட்டு யோசித்துப் பார்த்தேன். மருத்துவர் நோயாளியைப் பார்த்தார், மருந்தைப் பார்க்கவில்லை. மகன் சீட்டைப் பார்த்தார். அவரும் மருந்தைப் பார்க்கவில்லை. பெரியவர் மருந்தைப் பார்த்தார். அவருக்கு அடையாளம் தெரியாது. மருந்தைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, 'இது இன்னது' என்று சொல்லக்கூடிய இடம் என் கடை ஒன்றுதான். அங்கேதான் தவறும் நடந்தது.

இந்த மாற்றம் எப்படி வந்தது?

தொலைமருத்துவம் நம் பக்கத்திற்கு நேற்று வந்ததன்று. 2000-ஆம் ஆண்டிலேயே ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் அதற்கான நிலையம் தொடங்கப்பட்டது. ஆனால் சட்டப்படி எது சரி, எது தவறு என்பது நெடுங்காலம் தெளிவில்லாமல் இருந்தது. கொரோனாத் தொற்றுக்காக நாடே அடைபட்ட 2020 மார்ச் 25-ஆம் தேதி, ஆங்கில மருத்துவர்களுக்கான தொலைமருத்துவ நெறிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது. அடுத்து ஏப்ரல் மாதத்தில் ஆயுர்வேத, சித்த, யுனானி மருத்துவர்களுக்கும் ஓமியோபதி மருத்துவர்களுக்கும் அதே போன்ற நெறிமுறைகள் வந்தன.

அரசின் 'இ-சஞ்சீவனி' சேவை வழியாக நடந்த மருத்துவ ஆலோசனைகள் 2023 பிப்ரவரியில் 10 கோடியைத் தாண்டின. மக்களுக்கு இது பழகிவிட்டது. சித்த மருத்துவத்திற்குப் பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசுக் கல்லூரி உண்டு. சென்னை தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உண்டு. இப்படிப் பட்டம் பெற்று வந்தவர்கள் நகரத்தில் இருந்தபடியே கிராமத்து நோயாளியைப் பார்க்க வழி பிறந்திருக்கிறது. மருந்துக்காக அந்த நோயாளி தேடி வரும் இடம், பக்கத்துத் தெருவில் இருக்கும் நம் கடை.

சீட்டைப் பார்க்கத் தெரிய வேண்டும்

நெறிமுறைகள் மருத்துவருக்கு எழுதப்பட்டவை. என்றாலும் அவற்றில் சில செய்திகளை நாம் அறிந்திருப்பது நமக்குக் காப்பு.

பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே தொலைமருத்துவம் செய்யலாம். காணொளி, குரல், எழுத்து என்ற மூன்று வழிகளில் எதிலும் பார்க்கலாம். சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். நோயாளியின் பெயரும் வயதும் இருக்க வேண்டும். வாங்கிய கட்டணத்திற்கு இரசீது தர வேண்டும். கணினியே தானாக மருந்து எழுதித் தருவதற்கு அனுமதி கிடையாது. நமக்கு முக்கியமான இன்னொன்றும் அதில் உண்டு. மருத்துவர் சீட்டை நேரே ஒரு கடைக்கு அனுப்புவதானால் நோயாளியின் வெளிப்படையான சம்மதம் பெற வேண்டும். எந்தக் கடையில் வாங்குவது என்பது நோயாளியின் விருப்பம். ஆகவே "இந்த மருத்துவர் சீட்டெல்லாம் இன்ன கடைக்குத்தான்" என்று எவரேனும் ஒப்பந்தம் பேசி வந்தால் ஒதுங்கிக்கொள்வதே நல்லது.

கைபேசியில் ஓடும் ஒரு படத்தைக் காட்டி, "இதில் ஒருத்தர் சொன்னார், இது குடுங்க" என்று கேட்பவர்கள் இப்போது நிறைய. அது சீட்டாகாது. பேசுகிறவர் யார், பதிவு பெற்றவரா, இந்த வாடிக்கையாளரை அவர் பார்த்தாரா என்பது எதுவும் நமக்குத் தெரியாது. சுக்கு, மிளகு, திப்பிலி போன்ற சமையலறைச் சரக்கானால் எப்போதும் போல் விற்கலாம். வீரியமான சரக்கானால், "மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்று சொல்வதால் நம் வியாபாரம் குறைந்துவிடாது.

பெயர் ஒன்று, சரக்கு வேறு

நாட்டு மருந்தில் ஆபத்து பெரும்பாலும் பெயரில்தான் தொடங்குகிறது. என் கடையில் நடந்தது நிலவேம்பும் நிலவாகையும். இன்னும் சில உண்டு.

அதிமதுரம் கேட்டால், குன்றிமணிக் கொடியின் வேர் அதில் கலந்து வருவது பழைய கலப்படம். இரண்டும் இனிக்கும். ஆனால் குன்றி நச்சுப் பட்டியலில் உள்ள சரக்கு. அதிவிடயமும் நாவியும் ஒரே குடும்பத்துச் செடிகளின் கிழங்குகள். முன்னது மருந்து, பின்னது கொடிய நஞ்சு. சீந்தில் கதையும் நினைவிருக்கலாம். அதை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு கண்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. ஆனால் சீந்திலைப் போலவே தோன்றும், அதே இனத்து வேறொரு கொடியோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று 2022 பிப்ரவரியில் எச்சரித்தது. எந்தப் பக்கம் சரி என்பது மருத்துவர்கள் பேசித் தீர்க்க வேண்டியது. கொடியை அடையாளம் பார்த்துக் கொள்முதல் செய்வது நம் வேலை.

சென்னை இராசப்ப செட்டித் தெருவில் வாங்கினாலும் சரி, உள்ளூர் மொத்த வியாபாரியிடம் வாங்கினாலும் சரி, பில் இல்லாமல் மருந்துச் சரக்கு எடுக்காதீர்கள். முழுச் சரக்காக வாங்குங்கள். வேரை வேராகவும், காயைக் காயாகவும் பார்த்தால் அடையாளம் தெரியும். பொடித்து வந்தால் அனுபவசாலிக்கும் தெரியாது. ஒவ்வொரு டப்பாவிலும் தமிழ்ப் பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டி, கீழே தாவரவியல் பெயரையும் தமிழ் எழுத்திலேயே எழுதி வையுங்கள். நான் நிலவேம்பையும் நிலவாகையையும் இப்போது கடையின் இரு கோடியில் வைத்திருக்கிறேன்.

நச்சுச் சரக்கில் தயவு தாட்சண்யம் வேண்டாம்

1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்தின் விதிகளில் 'இ-1' என்றொரு அட்டவணை உண்டு. இந்திய மருத்துவத்தில் பயன்படும் நச்சுப் பொருள்களின் பட்டியல் அது. எட்டி, சேராங்கொட்டை, நாவி, நேர்வாளம், குன்றி போன்ற மூலிகைச் சரக்குகளும், லிங்கம், தாளகம், கௌரி பாஷாணம் போன்ற தாதுச் சரக்குகளும் அதில் உள்ளன. இவை சேர்ந்த உள்மருந்தின் உறையில், மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும்.

முறையாகச் சுத்தி செய்து வைத்தியர் கொடுத்தால் இவை மருந்து. பொட்டலம் கட்டி நாம் கொடுத்தால் விஷம். சீட்டில் இப்படி ஒரு பெயர் வந்தால், அதே சீட்டில் உள்ள எண்ணில் மருத்துவரைக் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். அவர் கிடைக்கவில்லையா? சரக்கைக் கொடுக்காதீர்கள்.

அரைத்து, பெயர் ஒட்டினால்...

இங்கேதான் நம்மவர்கள் பலர் அறியாமல் சட்டத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளை விற்பதற்கு ஆங்கில மருந்துக் கடை போலத் தனி உரிமம் தேவையில்லை. ஆனால் தயாரிப்பதற்கு உரிமம் வேண்டும். கபசுரக் குடிநீரில் 15 சரக்கு, நிலவேம்புக் குடிநீரில் 9 சரக்கு. இவற்றைச் சேர்த்து அரைத்து, பொட்டலம் போட்டு, கடைப் பெயரை அச்சடித்து மருந்தாக விற்றால் நாம் தயாரிப்பாளர் ஆகிவிடுகிறோம். 2020-இல் தேவை பெருகியபோது நல்ல எண்ணத்தோடு இதைச் செய்தவர்கள் உண்டு. எண்ணம் நல்லதென்றாலும் சட்டம் ஒன்றுதான்.

உரிமம் பெற்ற நிறுவனத்தின் சூரணத்தை வாங்கி விற்பதே பாதுகாப்பு. அரசின் 'டாம்ப்கால்' நிறுவனமும், 1944-இல் தொடங்கப்பட்ட 'இம்ப்காப்ஸ்' கூட்டுறவு அமைப்பும் சித்த மருந்துகள் செய்து தருகின்றன. உரிமம் பெற்ற தனியார் நிறுவனங்களும் உண்டு. எதை வாங்கினாலும் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், உட்பொருள் பட்டியல் ஆகிய ஐந்தும் உறையில் உள்ளனவா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்புங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது என்பதையும் பில் போடுபவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பலகையில் எழுதுவதில் கவனம்

"சர்க்கரை நோய் அடியோடு குணமாகும்" என்று கடை வாசலில் ஓர் அட்டை தொங்கினால் அது குற்றம். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம், சர்க்கரை நோய், புற்றுநோய், வலிப்பு முதலான பல நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. முதல் முறை தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை ஓராண்டு வரை. துண்டுப் பிரசுரம், உறை, பலகை எல்லாம் விளம்பரம்தான். கம்பெனிக்காரர் இலவசமாகக் கொடுத்த அட்டை என்பது நம்மைக் காப்பாற்றாது. தொங்கவிட்டது நம் கடையில்.

கடையில் ஓர் இடம் ஒதுக்கலாமா?

"என் கடையிலேயே ஒரு நாற்காலி போட்டு, வருகிறவர்களை மருத்துவரோடு பேச வைக்கலாமா?" என்று சில உறுப்பினர்கள் கேட்கிறார்கள். வயதானவர்களுக்கும், கைபேசி இயக்கத் தெரியாதவர்களுக்கும் இது பெரிய உதவி. செய்யலாம். ஆனால் சில வரம்புகளோடு.

மறைப்புத் தட்டியோடு ஓர் இடம் ஒதுக்குங்கள். ஒருவர் தம் நோயைச் சொல்லும்போது அடுத்த வாடிக்கையாளர் காதில் விழக் கூடாது. முடிந்தவரை அவருடைய கைபேசியிலேயே பேசட்டும். அவருடைய சீட்டும் படமும் நம் கைபேசியில் இருந்தால், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். தனிநபர் விவரங்களைக் காக்க 2023-இல் ஒரு சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. அது இல்லாவிட்டாலும், ஒருவர் நோயை ஊருக்குச் சொல்லாதிருப்பது கடைக்காரனின் மரியாதை.

மருத்துவர் கட்டணத்தை வாடிக்கையாளர் நேரே மருத்துவருக்குச் செலுத்தட்டும். சீட்டுக்கு இவ்வளவு என்று நாம் மருத்துவருக்குக் கொடுப்பதும், ஆளுக்கு இவ்வளவு என்று அவர் நமக்குக் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். கமிஷன் நுழைந்தால் சீட்டு நீளும். சீட்டு நீண்டால் நம்பிக்கை குறையும். நமக்கு வரவேண்டியது சரக்கின் நியாயமான லாபம் மட்டுமே.

மருத்துவர் வருவதற்குள் நாமே வைத்தியம் சொல்லத் தொடங்குவதும் கூடாது. பரம்பரை அறிவு இருக்கிறது என்பதற்காக, பதிவு இல்லாமல் மருத்துவம் செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. நமக்குச் சரக்கு தெரியும், நோய் தெரியாது.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே மூன்று. "வேற மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா? அதை மருத்துவர்கிட்ட சொன்னீங்களா? கர்ப்பமா இருக்கவங்களுக்கா, குழந்தைக்கா?" அதிமதுரத்தை அளவுக்கு மேல் நாள்பட உண்டால் இரத்த அழுத்தம் ஏறும். அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் அதை வாங்க வந்தால், அவர் இதை மருத்துவரிடம் சொன்னாரா என்று கேட்பது வைத்தியம் ஆகாது. அக்கறை ஆகும்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், வலிப்பு, இரத்தப் போக்கு, பாம்புக்கடி, விடாத கடுங்காய்ச்சல் என்று எவரேனும் வந்தால் நாற்காலியும் வேண்டாம், கைபேசி மருத்துவரும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

இன்று எங்கள் கடையில்

அந்தச் சம்பவத்திற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட பழக்கத்தைச் சொல்லி முடிக்கிறேன். மருந்துப் பெயரை வாய்ச்சொல்லாகக் கேட்டு எடுப்பதில்லை. சீட்டையோ அதன் படத்தையோ பார்த்த பிறகே டப்பா திறக்கும். சீட்டு மகனிடம் இருக்கிறதா? மகனுக்கு நானே போன் செய்து அனுப்பச் சொல்கிறேன். எடுத்த சரக்கை வாடிக்கையாளர் முன்னால் பெயர் சொல்லிக் காட்டி, பொட்டலத்தின் மேல் பெயரும் தேதியும் எழுதுகிறேன். பில்லில் தொகுதி எண் குறிக்கிறேன். மருந்து சாப்பிட்டு ஏதேனும் தொந்தரவு என்று வந்தால், முதலில் மருத்துவருக்குச் சொல்லச் சொல்கிறேன். இத்தகைய பக்க விளைவுகளைப் பதிவு செய்யும் ஏற்பாடு தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் இருக்கிறது.

இதனால் ஒரு வாடிக்கையாளருக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகிறது. மாலை நேரக் கூட்டத்தில் சிலர் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். கடைப் பையனும் முதலில் சலித்துக்கொண்டான். இப்போது அவனே, "சீட்டு எங்க தாத்தா?" என்று கேட்கிறான்.

அந்தப் பெரியவர் இன்றும் எங்கள் கடைக்குத்தான் வருகிறார். சென்ற மாதம் சளிக்கு மருந்து வாங்க வந்தவர், நான் கேட்கும் முன்பே சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்துச் சீட்டைக் காட்டினார். "இந்தா அண்ணாச்சி, படிச்சுப் பாத்தே குடுங்க" என்றார். படித்துப் பார்த்தேன், இரண்டு முறை. பிறகுதான் கொடுத்தேன்.

தராசு முள் நேராக நிற்பது வணிகனுக்குப் பெருமை. டப்பாவில் எழுதியதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருப்பது அதைவிடப் பெரிய நாணயம். அந்த நாணயம் நம்மிடம் இருக்கும்வரை, மருத்துவர் எத்தனை காதம் தள்ளி இருந்தாலும் நோயாளிக்குக் குறைவில்லை. நம் வணிகத்திற்கும் குறைவில்லை.